நியூ ஜெர்சியில் கொடுத்துப் பறிக்கப்பட்ட வாக்குரிமை

அன்புள்ள தம்பிக்கு, அமெரிக்காவில் வாக்குரிமை முதலில் சொத்துள்ள வெள்ளை ஆண்களிடம் மட்டுமே இருந்து, பிறகு படிப்படியாக மற்றவர்களுக்கும் விரிந்தது என்பது சரிதானா என்றும், கிரீன் கார்டு பெற்றவர் குடியுரிமைக்கு ஐந்தாண்டு காத்திருக்கும் விதி எப்போது வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் கேள்வியில் உள்ள கருத்து, நீங்கள் இப்போது குடிவந்திருக்கும் நியூ ஜெர்சிக்குப் பொருந்தாது.

1776இல் இயற்றப்பட்ட இம்மாநில அரசியலமைப்பு, 50 பவுண்டு மதிப்புள்ள சொத்தும் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) ஓராண்டு வசிப்பும் உடைய, வயது நிரம்பிய எல்லாக் குடியிருப்பாளர்களுக்கும் வாக்குரிமை அளித்தது. ஆணா பெண்ணா, வெள்ளையரா கறுப்பரா என்று அது பார்க்கவில்லை. மணமான பெண்ணின் சொத்து சட்டப்படி கணவனுக்கே உரியதாக இருந்ததால், வாக்களித்த பெண்களில் பெரும்பாலோர் கைம்பெண்களும் மணமாகாதவர்களுமே. பிரின்ஸ்டனுக்கு அருகிலுள்ள மாண்ட்கோமரியில் 1801ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தோரின் கைப்பட எழுதிய பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் ஆண்களின் பெயர்களுக்கு நடுவே பெண்களின் பெயர்களும் வரிசையாக வருகின்றன.

1807 பிப்ரவரியில் எசெக்ஸ் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடம் அமைவது நியூவர்க் நகரிலா எலிசபெத்டவுனிலா என்பதைத் தீர்மானிக்க நடந்த வாக்கெடுப்பில் கள்ள வாக்குகள் குவிந்து, முடிவே செல்லாமல் போனது. முறைகேட்டில் எல்லாத் தரப்பாருக்கும் பங்கிருந்தும், பழி பெண்கள்மீதும் கறுப்பர்கள்மீதும் விழுந்தது. அவ்வாண்டு நவம்பரில் சட்டமன்றம் வாக்குரிமையை வெள்ளை ஆண் குடிமக்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. அம்மசோதாவை முன்னின்று நடத்திய ஜான் காண்டிக்ட், அதற்குப் பத்தாண்டு முன்பு சட்டமன்றத் தேர்தலில் எலிசபெத்டவுன் பெண்களின் வாக்குகளால் தோல்வியின் விளிம்புவரை சென்று தப்பியவர். இதில் என்னை மிகவும் வருத்துவது, வரி கட்டிய எந்த வெள்ளை ஆணும் சொத்துத் தகுதி பெற்றவராகவே கருதப்படுவார் என்று அதே சட்டம் கூறியதுதான். ஏழை வெள்ளையருக்குக் கதவைத் திறந்த அதே கை, அதுவரை உள்ளே இருந்த கைம்பெண்ணையும் விடுதலை பெற்ற கறுப்பரையும் வெளியே தள்ளியது. அரசியலமைப்பைத் திருத்தாமல், சாதாரணச் சட்டம் ஒன்றினாலேயே இதைச் செய்து முடித்தார்கள்.

இது நியூ ஜெர்சியோடு நின்றுவிடவும் இல்லை. நியூயார்க் 1821இல் வெள்ளையருக்குச் சொத்துத் தகுதியை நீக்கிவிட்டு, கறுப்பருக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. பென்சில்வேனியா 1838இல் கறுப்பரின் வாக்குரிமையை அடியோடு நீக்கியது.

ஐந்தாண்டு விதியும் அக்காலத்தில் பிறந்ததே. 1790ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடிமையல்லாத வெள்ளையர் இரண்டாண்டு வசித்தாலே குடியுரிமை கோரலாம். 1795இல் அது ஐந்தாண்டானது. புதிதாக வந்தோர் எதிரணித் தலைவர் தாமஸ் ஜெபர்சனின் கட்சியை ஆதரிப்பார்கள் என்று அஞ்சிய, அப்போது ஆட்சியிலிருந்த பெடரலிஸ்டுக் கட்சியினர் 1798இல் பதினான்காக உயர்த்தினர். ஜெபர்சன் அதிபரான பின், 1802இல், மீண்டும் ஐந்தாக இறங்கியது. வெள்ளையர் என்ற நிபந்தனையோ, 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு விலக்கு வந்த பிறகும், மற்றவர்களுக்குத் தங்கிவிட்டது. அதைக் காட்டியே 1923இல் உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் என்ற இந்தியருக்குக் குடியுரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. இந்தியர்களுக்கு அந்தத் தடை 1946இல்தான் நீங்கியது.