ஸ்டார்டியூ வேலியில் குளிர்காலத்துக்கு எவ்வளவு வைக்கோல் சேர்க்க வேண்டும்? ஒரு சைலோ போதுமா?

ஸ்டார்டியூ வேலி ஒரு பண்ணை வீடியோ விளையாட்டு. கேள்வி கேட்டவரின் பண்ணையில் எட்டு மாடும் நான்கு கோழியும் இருக்கின்றன. இலையுதிர் காலம் பாதி முடிந்துவிட்டது, ஒரே ஒரு சைலோ (தீவனம் சேர்த்து வைக்கும் கோபுரம்), அதுவும் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டதாம். "இது போதுமா, இன்னொன்று கட்டவா?" என்கிறார்.

போதாது. ஆனால் இன்னொன்று கட்டியே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

முதலில் ஒரு சொல் விளக்கம். விளையாட்டில் 'ஹே' என்று வருவது வெட்டிக் காயவைத்த புல். வைக்கோல் என்பது நெல் அடித்த பிறகு மிஞ்சும் தாள், இரண்டும் ஒன்றல்ல. இருந்தாலும் நண்பர்கள் எல்லாரும் வைக்கோல் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். புலவர்கள் மன்னிக்கவும்.

கணக்கு ரொம்பச் சுலபம். ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு வைக்கோல். கோழிக்கும் ஒன்றுதான், மாட்டுக்கும் ஒன்றுதான், பிறந்த கன்றுக்கும் ஒன்றுதான். குளிர்காலம் 28 நாள். அந்த 28 நாளும் கால்நடைகள் தொழுவத்தை விட்டு வெளியே வராது, அதனால் மேய்ச்சல் என்ற பேச்சே கிடையாது. உங்கள் 12 தலைக்கு 12 × 28 = 336. ஒரு சைலோ கொள்வது 240. நிரம்பி வழிந்தாலும் 96 குறைகிறது. அதாவது 20ஆம் தேதி வரை வண்டி ஓடும், 21ஆம் தேதி காலையில் தொட்டி காலி.

இந்தக் கணக்கை நான் போடாமல் விட்டதன் பலனைச் சொல்லிவிடுகிறேன்.

என் முதல் பண்ணையில், முதல் நாளே அரிவாளை எடுத்துக்கொண்டு கண்ணில் பட்ட புல்லையெல்லாம் வெட்டித் தள்ளினேன். பண்ணை பளிச்சென்று ஆனது. எனக்கு அப்போது தெரியாத விஷயம், சைலோ இல்லாமல் புல் வெட்டினால் ஒரு துரும்புகூடக் கிடைக்காது. வெட்டிய புல் அப்படியே காற்றில் போய்விடும். கோடையில் சைலோ கட்டி முடித்தபோது வெட்டுவதற்குப் புல் இல்லை. புல் இருந்த இடமெல்லாம் பயிர், மிச்ச இடமெல்லாம் நான் ஆசையாகப் போட்ட கல் பாதை. விளையாட்டில் நிலம் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும், கல் பாதை போட்ட கட்டத்தில் புல் பரவாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, நான் வெண்ணெயைக் கொட்டிவிட்டு அலைந்தேன்.

இலையுதிர் காலம் 28ஆம் தேதி இரவு சைலோவைப் பார்த்தேன், 9 இருந்தது. என்னிடம் ஏழு உருப்படிகள். சரி, காலையில் கால்நடைக் கடை வைத்திருக்கும் மார்னியிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மார்னி கடை திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் கிடையாது. இந்த விளையாட்டில் ஒவ்வொரு பருவமும் திங்கட்கிழமைதான் தொடங்கும். ஆக, குளிர்காலத்தின் முதல் இரண்டு நாளும் மார்னி கடை மூடியிருக்கும், ஒவ்வொரு வருடமும், தவறாமல். திங்கள் ஏழும் தின்றுவிட்டன. செவ்வாய் மிஞ்சிய இரண்டை யாருக்கு வைப்பது என்று தொட்டி முன்னால் நின்றேன். வைத்தேன், ஐந்து பட்டினி.

பட்டினி கிடந்தால் சாகாது, அந்த அளவுக்கு இரக்கம் உண்டு. ஆனால் மனம் கெட்டுவிடும், நம் மேல் உள்ள பாசம் குறையும், மறுநாள் பாலும் முட்டையும் வராது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலில் நின்றேன். ஒரு வைக்கோல் 50 கோல்டு (விளையாட்டுக் காசு). மிச்சம் 26 நாள், ஏழு தலை, மொத்தம் 182. அதாவது 9,100 கோல்டு. தொழுவத்தைப் பெரிதாக்கச் சேர்த்து வைத்த பணம் முழுக்க வைக்கோலாக மாறி அந்தக் குளிர்காலத்தில் செரித்துப் போனது.

அதன் பிறகு நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். இந்த விளையாட்டில் தீவனக் கிடங்கு என்பது சைலோ அல்ல, புல்தரை. நிற்கிற புல் ஒவ்வொரு நாளும் தானாகப் பரவிப் பெருகும். சைலோவுக்குள் போன வைக்கோல் பெருகாது, குறைய மட்டுமே செய்யும். அதனால் வசந்தத்திலும் கோடையிலும் சைலோவை நிரப்பிவிட வேண்டும் என்று துடிப்பதில் அர்த்தமில்லை. அந்தப் பருவங்களில் தொழுவக் கதவைத் திறந்துவிட்டால் கால்நடைகள் வெளியே மேய்ந்துகொள்ளும், வைக்கோல் செலவு கிடையாது, பச்சைப் புல் தின்றால் அவற்றுக்குச் சந்தோஷமும் கூடும். மழை நாளில் மட்டும் வெளியே வராது, அன்றைக்கு வைக்கோல் வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், வைக்கோல் குளிர்காலத்துக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் நாலு மழை பெய்தாலே உங்கள் கணக்கில் 48 போய்விடும்.

எப்போது வெட்டுவது என்றால், நான் இலையுதிர் காலத்தின் கடைசி வாரத்தில்தான் மொத்தமாக வெட்டுவேன். அதற்கு முன் வெட்டினால் ஒன்று விட்டு ஒன்று என்று வெட்டுவேன், இடைவெளி இருந்தால் பக்கத்துப் புல் வந்து நிரப்பிவிடும். சாதா அரிவாளால் வெட்டினால் ஒரு கட்டத்துக்கு ஒரு வைக்கோல் கிடைக்க 50 சதவீத வாய்ப்பு. அதாவது ஒரு சைலோ நிரம்ப ஏறக்குறைய 480 கட்டம் புல் வேண்டும். கேட்கும்போதே மலைப்பாக இருக்கிறதல்லவா? தங்க அரிவாள் கிடைத்துவிட்டால் 75 சதவீதம், அப்போது 320 கட்டம் போதும். குவாரி சுரங்கத்தின் உள்ளே போனால் அது கிடைக்கும், வைக்கோலுக்காகவே போய் எடுக்கலாம், அவ்வளவு வித்தியாசம். 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பில் இரிடியம் அரிவாள் இருக்கிறது, அதில் வெட்டினால் வீணே கிடையாது. ஆனால் அது கிடைக்கிற கட்டத்தில் வைக்கோல் உங்களுக்கு ஒரு கவலையாகவே இருக்காது.

இன்னொன்று. சைலோ நிரம்பிய பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் புல் வீண்தான். உங்கள் சைலோ கிட்டத்தட்ட நிரம்பியிருக்கிறது என்கிறீர்கள், அப்படியானால் அரிவாளைக் கீழே வையுங்கள். மாடுகள் மேயட்டும்.

புல்லே இல்லாதவர்களுக்கு: பியர் (Pierre) என்பவரின் விதைக் கடையில் புல் விதை ஒன்று 100 கோல்டு. செய்முறையை 1,000 கோல்டு கொடுத்து வாங்கிவிட்டால் பத்து நாரில் நாமே செய்துகொள்ளலாம். களைகளை வெட்டினாலே நார் வரும் என்பதால் அது கிட்டத்தட்ட இலவசம். விதை வைத்த மறுநாளே மாடு வந்து அதை மேய்ந்துவிடும், அதுதான் எல்லாரும் படும் பாடு. இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. புல் விதை வைத்த கட்டத்தின் மேலேயே ஒரு வேலிக் கம்பை நட்டுவிடுங்கள். மாடு அந்தக் கட்டத்துக்குள் கால் வைக்க முடியாது, ஆனால் புல் அங்கிருந்து நாலு பக்கமும் பரவிக்கொண்டே இருக்கும். மேய்ச்சல் நிலம் முழுக்க இப்படிப் பத்துப் பதினைந்து கம்புகள் நட்டிருக்கிறேன். பார்க்க அழகாக இருக்காது, பாதியில் நின்றுபோன கட்டட வேலை மாதிரி இருக்கும். ஆனால் புல் தீர்ந்தது என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

சரி, உங்கள் 96-க்கு வருவோம். மூன்று வழி இருக்கிறது.

மார்னியிடம் வாங்குவது முதல் வழி, 4,800 கோல்டு. யோசிக்க வேண்டாத வழி, எனக்குப் பிடிக்காத வழியும்கூட. இரண்டாவது, இன்னொரு சைலோ. 100 கோல்டு, 100 கல், 10 களிமண், 5 செம்புக் கட்டி. பணம் பெரிதில்லை, ஊர்த் தச்சர் ராபின் இரண்டு நாளில் கட்டிவிடுவார். ஆனால் கட்டியதும் அதற்குள் போட 96 வைக்கோல் எங்கே? அதற்குச் சுமார் 200 கட்டம் புல் உங்களிடம் நிற்க வேண்டும். நின்றால் தாராளமாகக் கட்டுங்கள். எத்தனை சைலோ கட்டினாலும் எல்லாம் சேர்ந்து ஒரே கணக்குதான், எந்தத் தொழுவத்துக்கு எது என்று பிரிக்க வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது, கோதுமை. அறுக்கும்போது ஒவ்வொரு செடியிலிருந்தும் கோதுமையோடு ஒரு வைக்கோலும் விழ 40 சதவீத வாய்ப்பு உண்டு. விதை பியர் கடையில் 10 கோல்டு, விளைய நான்கே நாள், கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வளரும். இன்று 15ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். இன்று விதைத்தால் 19-இல் அறுவடை, அன்றே மறுபடி விதைத்தால் 23, இன்னொரு தடவை 27. மூன்று போகம். போகத்துக்கு 80 செடி வீதம் 240 செடி, 40 சதவீதம் என்றால் 96 வைக்கோல். உங்களுக்குக் குறைவது அதே 96. நானாக வளைத்த கணக்கு இல்லை, தானாக அமைந்தது. விதைக்குச் செலவு 2,400, கோதுமையைச் சாதாரணத் தரத்தில் 25 கோல்டுக்கு விற்றாலே 6,000 திரும்பி வருகிறது. வைக்கோல் சும்மா வந்தது மாதிரி. 40 சதவீதம் என்பது சராசரி என்பதால் முன்னே பின்னே ஆகும், மழைக்கும் சேர்த்து போகத்துக்கு 100 செடியாகப் போட்டுவிடுங்கள். ஸ்பிரிங்க்ளர் இல்லாவிட்டால் தினமும் தண்ணீர் ஊற்றும் வேலை இருக்கிறது, அது ஒன்றுதான் இதில் தலைவலி.

இதில் இன்னொரு வசதி, கோதுமையில் வரும் வைக்கோல் சைலோவுக்குப் போகாது, நேராகக் கையில் வந்துவிடும். அதனால் சைலோ நிரம்பியிருந்தாலும் வீணாகாது. ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்தால் ஒரே கட்டத்தில் 999 வரை அடுக்கலாம். 240-க்கு ஒரு கோபுரம் கட்டுகிற ஊரில் ஒரு மரப்பெட்டி இவ்வளவு கொள்வது ஏன் என்று கேட்காதீர்கள். பெட்டியிலிருந்து எடுத்து நேராகத் தொட்டியில் வைக்கலாம், அல்லது சைலோவில் இடம் விழ விழ அதற்குள் கொட்டலாம். டீலக்ஸ் தொழுவம் கட்டிய பிறகு தீவனம் தானாகத் தொட்டிக்கு வரும், ஆனால் அது சைலோவில் இருப்பதை மட்டும்தான் எடுக்கும். பெட்டியில் 500 வைத்துக்கொண்டு சைலோவைக் காலியாக விட்டால் அத்தனையும் பட்டினிதான். என் நண்பர் ஒருவர் இப்படித்தான் ஒரு வாரம் குழம்பினார்.

பன்றி வளர்க்கிற யோசனை இருந்தால் வசந்தம் வரை தள்ளிப்போடுங்கள். குளிர்காலத்தில் அது வெளியே போகாது, ட்ரஃபிள் என்ற காளானையும் தோண்டித் தராது, ஆனால் 28 வைக்கோலைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும். மாடு கன்று போட்டாலும் ஒரு தலை கூடும், அதற்கும் கொஞ்சம் சேர்த்து வையுங்கள். குதிரைக்கு மட்டும் இந்த விளையாட்டில் தீவனமே வேண்டாம், ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. பருவம் மாறியதும் வசந்தத்தின் முதல் வாரத்தில் புல் இன்னும் சரியாகப் பரவியிருக்காது, அதற்கும் ஒரு நாலைந்து நாள் தீவனம் மிஞ்சட்டும். கூடவே பெட்டியில் ஐந்தாறு புல் விதையும் இருக்கட்டும்.

என்னிடம் இப்போது ஒரு டீலக்ஸ் தொழுவம், ஒரு டீலக்ஸ் கோழிக்கூடு, 24 தலை, மூன்று சைலோ. தேவை 672. நேற்று இலையுதிர் காலம் 27ஆம் தேதியோடு நிறுத்தினேன், கடைசிப் புல்லையும் வெட்டி முடித்தபோது சைலோ 651 காட்டியது. 21 குறைகிறது. அடுத்த நாள் ஞாயிறு, மார்னி கடை நாலு மணிக்கு மூடும். இன்று இரவு விளையாட்டைத் திறந்ததும் முதல் வேலை அங்கே ஓடுவதுதான்.