பழைய ஃபோர்க்லிஃப்ட்டுக்கு எந்த வாரண்டி?

கேள்வி: பெங்களூரு பீனியாவில் சிறிய கிடங்கு நடத்துகிறேன். பழைய மின்சார ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஒரு வியாபாரி முழு வண்டிக்கும் 6 மாதம் அல்லது 500 மணி நேரம் வாரண்டி தருகிறார். மற்றொருவர் மோட்டார், ஹைட்ராலிக் பம்ப், கன்ட்ரோலர் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) ஆகியவற்றுக்கு மட்டும் ஓராண்டு தருகிறார். எதை ஏற்பது?

பதில்: முதல் வாரண்டியில் எது முன்னதாக முடிகிறதோ அதுவே எல்லை என்பதால், தினமும் 10 மணி நேரம் வண்டி ஓடினால் 50 வேலை நாள்களில் அது தீர்ந்துவிடும், 3 மணி நேரத்துக்குள் ஓடும் கிடங்குக்கு 6 மாதமும் கிடைக்கும். இரண்டு ஷிப்ட் நடத்துபவருக்கு இரண்டாவதே மேல் என்பது என் கருத்து.

ஆனால் பெருஞ்செலவு பேட்டரியில்தான் காத்திருக்கிறது. லெட்-ஆசிட் பேட்டரி ஏறத்தாழ 1,500 சார்ஜ் வரை உழைக்கும் என்பதால், அதன் தயாரிப்புத் தேதியைப் பார்த்து, முழுச் சார்ஜில் சுமை ஏற்றி ஓட்டிச் சோதித்தபின், பேட்டரி வாரண்டியைத் தனியே எழுதி வாங்குங்கள். "முழு வண்டி" என்ற வாய்ப்பேச்சை மட்டும் நம்பாதீர்கள். சுமையைத் தாங்கும் ஃபோர்க்கின் வளைவுப் பகுதி தடிமனில் 10 சதவீதம் தேய்ந்திருந்தால் அதை மாற்றியாக வேண்டும். தேய்மானத்தை வாரண்டி பொதுவாக ஏற்காது. மெக்கானிக் வந்துபோகும் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.