கேமராவும் கத்தரியும் யார் கையில்? இசைக் கலைஞர்களின் ஆவணப்படங்கள்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில், பெரிய சாலையில் 22 ஆண்டுகள் ஒலிநாடாக் கடை வைத்திருந்தேன். வந்தவர்கள் பாட்டை வாங்கிக்கொண்டு பாடியவரைப் பற்றி விசாரிப்பார்கள். இவர் எந்த ஊர், எப்படிப் பாட வந்தார், இன்னும் இருக்கிறாரா? அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் உறையின் பின்பக்கம் அச்சிட்டிருந்த நான்கு வரிகள்தான். இன்று அதே கேள்விகளுக்கு மணிக்கணக்கில் விடை சொல்லும் படங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கே வந்துவிட்டன. கடையை மூடிய பிறகு நான் அதிகம் பார்ப்பது அவற்றைத்தான். ஊரிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணே, நான் லாரி ஓட்டுகிறேன். மாதத்துக்கு ஒரு படம் பார்க்க நேரம் கிடைத்தால் பெரிது. எதைப் பார்க்கட்டும்?

'சம்மர் ஆஃப் சோல்' பாருங்கள், தம்பி. 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் பூங்கா ஒன்றில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் இலவச இசை விழா நடந்தது. கூடியவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர், பெரும்பாலும் கறுப்பின மக்கள். ஹால் துல்சின் என்பவர் சுமார் 40 மணி நேரம் படம் பிடித்தார். வாங்க ஆளில்லை. சுருள்கள் அடித்தள அறையில் ஏறக்குறைய 50 ஆண்டுகள் கிடந்தன. அதே கோடையில் நடந்த வுட்ஸ்டாக் விழா மறு ஆண்டே படமாகி உலகம் சுற்றியது. ஹார்லெம் விழா நடந்ததே பலருக்குத் தெரியாமல் போனது. குவெஸ்ட்லவ் என்ற டிரம்ஸ் கலைஞர் அதை எடுத்துத் தொகுத்து 2021இல் வெளியிட்டார். மறு ஆண்டு ஆஸ்கர் கிடைத்தது.

மனிதன் நிலவில் இறங்கிய அந்த ஜூலை 20ஆம் நாளும் அங்கே கச்சேரி நடந்தது. கூட்டத்தில் இருந்தவர்களிடம் நிலவைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் இங்கே பசித்தவனுக்குச் சோறு போட்டிருக்கலாமே என்கிறார்கள். மஹாலியா ஜாக்சனும் மேவிஸ் ஸ்டேபிள்ஸும் ஒரே மைக்கைப் பிடித்துக்கொண்டு இறைவனை அழைத்துப் பாடும் இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். சிறு பிள்ளையாக அந்த விழாவுக்குப் போன ஒருவர், பெரியவராகி அந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது கண் கலங்குகிறார். தன் நினைவில் இருந்தது கனவல்ல, நடந்ததுதான் என்று அன்றுதான் அவருக்கு உறுதியாகிறது.

பீட்டில்ஸ் பற்றிய 'கெட் பேக்' கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஓடுகிறதாமே, ஐயா? நான்கு பேர் அறையில் உட்கார்ந்து பேசுவதைப் பார்க்க அவ்வளவு பொறுமை வேண்டுமா?

வேண்டும். ஆனால் ஒரே இரவில் பார்க்காதீர்கள். டிஸ்னி பிளஸ்ஸில் மூன்று பகுதிகளாக இருக்கிறது. இரவுக்கு ஒரு மணி நேரம் போதும்.

1969 ஜனவரியில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக் குழுவினர் புதிய பாடல்கள் அமைக்கக் கூடினார்கள். மைக்கேல் லிண்ட்சே ஹாக் 60 மணி நேரத்துக்கு மேல் படம் எடுத்தார். முதல் பகுதியில் ஒரு காலை வேளை. ஜான் லெனன் இன்னும் வந்து சேரவில்லை. பால் மெக்கார்ட்னி பேஸ் கிட்டாரை மடியில் வைத்து ஒரே தாளத்தில் தட்டி மீட்டிக்கொண்டு, சொல்லில்லாமல் முனகுகிறார். எதிரே ஜார்ஜ் ஹாரிசன் கொட்டாவி விடுகிறார். ரிங்கோ சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். முனகலுக்குள் மெட்டு தலைகாட்டுகிறது, பிறகு ஒரு சொல் ஒட்டிக்கொள்கிறது. ஜார்ஜ் கிட்டாரை எடுக்கிறார், ரிங்கோ கை தட்டுகிறார். இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், உலகமே பாடப்போகும் 'கெட் பேக்' பாட்டு நம் கண் முன்னால் உருவாகிவிடுகிறது. பாட்டு பிறப்பதை இவ்வளவு அருகில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே சுருள்களிலிருந்துதான் 1970இல் 'லெட் இட் பி' படம் வந்தது. அதைப் பார்த்தவர்கள் அந்த அறையில் சண்டையும் சலிப்புமே இருந்தன என்று நம்பினார்கள். அரை நூற்றாண்டு கழித்து இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அதே சுருள்களை வெட்டி ஒட்டியபோது சிரிப்பும் விளையாட்டும் வெளியே வந்தன. ஜார்ஜ் கோபித்துக்கொண்டு வெளியேறுவதும் இருக்கிறது, ஜனவரி 30 அன்று லண்டன் மொட்டைமாடியில் போலீஸ் மேலே ஏறி வரும்வரை பாடிய மகிழ்ச்சியும் இருக்கிறது. எந்த ஆவணப்படத்தைப் பார்த்தாலும் கத்தரி யார் கையில் இருந்தது என்று கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் ஆசிரியை. 'ஏமி' படத்தை இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் காட்டலாமா?

வகுப்பில் வேண்டாம், டீச்சர். போதைப்பொருளும் குடியும் ஒளிவுமறைவில்லாமல் வருகின்றன. பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகளோடு பெற்றோரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஏமி வைன்ஹவுஸ் 2011இல் 27 வயதில் இறந்த பாடகி. ஆசிஃப் கபாடியா 2015இல் எடுத்த இந்தப் படத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேட்டி கொடுக்கும் முகமே இல்லை. தோழிகள், மேலாளர்கள், கணவர் எல்லாரும் குரலாக மட்டும் வருகிறார்கள். திரை முழுக்க ஏமிதான். தொடக்கத்தில் அவர் சிறுமி. தோழியின் பிறந்த நாளில் எல்லாரும் பாடும் வாழ்த்துப் பாட்டில் அவர் குரல் மட்டும் தனியாக மேலே எழும்புகிறது. பிறகு அவர் கைப்பட எழுதிய வரிகள் திரையில் ஓடுகின்றன. ஒலிப்பதிவு அறையில் இசையை நிறுத்திவிட்டு, பின்னணியே இல்லாத அவர் குரலை மட்டும் கேட்கவிடுகிறார்கள். படம் போகப்போக, அதே முகத்தின் மேல் புகைப்படக்காரர்களின் மின்னல் விடாமல் விழுகிறது. அந்தப் படங்களை அச்சிட்ட பத்திரிகைகளை வாங்கியவர்கள் நாமும்தான் என்று அப்போது உறைக்கும்.

ஏமியின் தந்தை இந்தப் படத்தை ஏற்கவில்லை, தன்னைத் தவறாகக் காட்டியிருப்பதாகச் சொன்னார். அதையும் தெரிந்துகொண்டு பாருங்கள்.

நட்சத்திரங்கள் தாங்களே எடுத்துக்கொள்ளும் படங்களை நம்பலாமா? (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர்)

ஐயா, தோட்டத்துச் செக்ரோலை, அந்த ஆள் பதிவேட்டைச் சரிபார்த்த கண்ணால் படத்தின் கடைசிப் பெயர்ப் பட்டியலையும் பாருங்கள். பாடகரே தயாரிப்பாளராகவோ இயக்குநராகவோ இருந்தால், அவர் காட்ட விரும்பியதே நமக்குக் கிடைக்கும். பியான்சேயின் 'ஹோம்கமிங்' அப்படிப்பட்டது. ஆனாலும் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்தபின் மேடைக்குத் திரும்ப அவர் மாதக்கணக்கில் பட்ட பாடு அதில் இருக்கிறது. உழைப்பைக் காட்டும் இடங்களை நான் நம்புவேன், புகழைக் காட்டும் இடங்களை வேகமாகக் கடந்துவிடுவேன்.

செலின் டியோனின் படம் இதற்கு நேர்மாறான வியப்பு. தசைகள் விறைத்துப்போகும் நோய் அவருக்கு. கேமராவின் முன்னாலேயே உடல் இறுகிப் பேச முடியாமல் கிடக்கும் நேரம் வருகிறது. அதை வெட்டாமல் விட அவரே சம்மதித்தார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் பட்டது.

வெளியாள் எடுத்த படமும் முழு உண்மை சொல்லும் என்று கிடையாது. 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' 2013இல் ஆஸ்கர் வாங்கியது. அமெரிக்காவில் விலைபோகாத ரோட்ரிகஸ் என்ற பாடகர் டெட்ராய்ட்டில் கட்டட வேலை செய்துகொண்டிருக்க, அவருக்கே தெரியாமல் தென்னாப்பிரிக்காவில் பெரும்புகழ் அடைந்திருந்த கதை. உருக்கமான படம்தான். ஆனால் அவர் 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவில் மேடை ஏறியதை அதில் சொல்லவே இல்லை. சொன்னால் 'யாருக்கும் தெரியாத பாடகர்' என்ற கதை வலுவிழந்துவிடும்.

நம் நாட்டுக் கலைஞர்களைப் பற்றி ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. சுஹைமி பாபா இயக்கி 2010இல் ஹிஸ்டரி சேனலில் வந்த பி. ரம்லி ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். 'கெத்தாரான் ஜீவா' கேட்காத மலேசியர் இல்லை. அந்தப் பாட்டுக்குரிய மனிதர் 1973இல் 44 வயதில், கையில் காசில்லாமல், சொந்தத் திரையுலகமே ஒதுக்கிய நிலையில் இறந்தார். அரசின் டான் ஸ்ரீ என்ற கௌரவப் பட்டம் வந்தது 1990இல்.

நம் மக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று. 1948இல் ரம்லியின் குரலைக் கேட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனவர் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி. எஸ். ராஜான்ஸ். 1950இல் 'பக்தி' படத்தில் முதன்முதலாக அவரைக் கதாநாயகனாக்கியவர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன். அக்கால மலாய்ப் படங்களின் மெட்டிலும் கதைப்போக்கிலும் நம் படங்களின் சாயல் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். என் கடையில் ரம்லி ஒலிநாடாக்களை அதிகம் வாங்கியவர்கள் தமிழர்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி மாதம் ஒரு படம் காட்டிய காலத்தில், பாதி இரவுகள் அவர் படம்தான் ஓடியது. எங்கள் அம்மாவுக்கு மலாய் எழுதப் படிக்கத் தெரியாது. ரம்லி பாட்டை மட்டும் சொல் பிசகாமல் பாடுவார், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் இருட்டில்.

தமிழ் இசை பற்றி, அண்ணா?

தயக்கமில்லாமல் சத்யஜித் ராய் எடுத்த 'பாலா' என்பேன். 1976இல் வந்தது, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். நாட்டியக் கலைஞர் டி. பாலசரஸ்வதியைப் பற்றியது. அவர் வீணை தனம்மாளின் பேத்தி என்பதால் இசைப்படம் என்றே சொல்வேன். ராய் 14 வயதில் கல்கத்தாவில் அவர் ஆடக் கண்டவர். படம் எடுத்தபோது பாலாவுக்கு 58. கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே' பதத்துக்கு அபிநயம் பிடிக்கிறார். காற்று சேலையைப் பறிக்கப் பார்க்கிறது, பின்னால் அலை. அவர் கண்ணில் குழந்தைக் கண்ணன் ஓடி வருவது மட்டும்தான் தெரிகிறது.

ஏ. ஆர். ரகுமான் தொகுத்து வழங்கிய 'ஹார்மனி' என்ற தொடர் அமேசான் பிரைமில் உண்டு. அவரைவிட அவர் தேடிப் போகும் கலைஞர்களுக்காகப் பாருங்கள். கேரளத்தின் மிழாவு என்ற தாளக் கருவி வாசிப்பவர், மணிப்பூர்ப் பாடகி, சிக்கிம் குழலிசைக் கலைஞர் எல்லாரும் வருகிறார்கள்.

படிவம் ஐந்து மாணவி. பிளாக்பிங்க் படம் பார்க்கலாமா, மாமா? அம்மா நேரம் வீண் என்கிறார்.

பார், மகளே. 'லைட் அப் தி ஸ்கை', நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. அறிமுகமாகும் முன் அந்தக் கொரியப் பாட்டுக் குழுவின் நான்கு பெண்களும் ஆண்டுக்கணக்கில் பட்ட பயிற்சியை அம்மாவையும் உட்காரவைத்துக் காட்டு. அடுத்து 'த கிரேட்டஸ்ட் நைட் இன் பாப்' பார். 1985 ஜனவரியில் ஒரே இரவில் 40க்கும் மேற்பட்ட பாடகர்கள் கூடிப் பஞ்ச நிவாரணப் பாடலைப் பதிவு செய்த கதை. பாப் டிலன் தன் வரியைப் பாட முடியாமல் கூச்சத்தில் தடுமாறுகிறார். ஸ்டீவி வொண்டர் பியானோவில் உட்கார்ந்து, டிலன் போலவே பாடிக் காட்டி, டிலனுக்கு டிலன் குரலை மீட்டுக் கொடுக்கிறார்.

இசைக்குழுவில் பதினைந்து வருடமாகக் கோரஸ் பாடுகிறேன். என் போன்றவர்களைப் பற்றி யாராவது படம் எடுத்திருக்கிறார்களா?

எடுத்திருக்கிறார்கள், அம்மா. 'ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்', 2013. முன்னால் நிற்பவருக்கும் பின்னால் பாடுபவருக்கும் இடையில் உள்ள இருபது அடி தூரத்தைப் பற்றியது. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றுக்காக மெரி கிளேட்டனை நள்ளிரவில் அழைக்கிறார்கள். கர்ப்பிணி, தலைமுடியில் முடி சுருட்டும் உருளைகள், இரவு உடை. போய்ப் பாடிவிட்டு வருகிறார். அந்த உச்சக் குரலைத் தனியாகப் பிரித்து அந்தக் குழுவின் பாடகர் மிக் ஜாகருக்குப் போட்டுக் காட்டும்போது அவர் முகத்தைப் பாருங்கள். உங்கள் குரலுக்கும் அந்த மதிப்பு உண்டு.

உறுமி மேளக் குழு வைத்திருக்கிறோம். தைப்பூசம் முடிந்தால் வேலை இல்லை. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

முதலில் 'ஆன்வில்' பாருங்கள், தம்பி. கனடாவின் ராக் குழு. புகழ் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விட்டது. பாடகர் பள்ளிகளுக்கு உணவு கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறார். ஐம்பது வயதில், சகோதரியிடம் கடன் வாங்கி அடுத்த இசைத்தட்டு போடுகிறார். அவரும் டிரம்மரும் பதின்வயது முதல் நண்பர்கள். சண்டை போட்டு அழுது மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள். கெட்ட வார்த்தைகள் உண்டு, பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுப் பாருங்கள். விடுவதா வேண்டாமா என்பதைக் குழுவோடு பேசி முடிவெடுங்கள்.

அப்பா தோட்டத்துக் கோயிலில் பாடிய ஒலிநாடாக்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. நீங்கள் சொன்ன ஹார்லெம் சுருள்கள் மாதிரி. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுதியதாக நினைக்கிறேன்.

முதலில் நாடாப் பெட்டியின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் யாரும் மேலே பதிவு செய்துவிட முடியாது. பெட்டியின் நடுவில் உள்ள சிறு ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் ஓடவிடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்துவிட்டு, இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருந்தால், ஒரு முறை கடைசிவரை வேகமாகச் சுற்றித் திருப்பிச் சுற்றுங்கள். சுற்றுவதற்கு முன்பே நாடா தளர்ந்திருந்தால், பெட்டியின் ஓட்டையில் பென்சிலைச் செருகித் திருகுங்கள். பிளேயரில் நாடா உரசும் தலையை (ஹெட்) சுத்தம் செய்துவிட்டு, அதன் வெளியீட்டைக் கணினியில் இணைத்து, சுருக்காத வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். இரண்டு பிரதிகள், இரண்டு வீடுகளில்.

உறையில் ஒன்றும் எழுதியிருக்காது என்று நினைக்கிறேன். அம்மா இருக்கிறார் அல்லவா? மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை அவர் அருகில் வைத்துப் பதிவை ஓடவிட்டு, அப்பாவின் பாட்டைப் போடுங்கள். எந்தத் திருவிழா, மிருதங்கம் யார், பின்னால் இருமுவது யார் என்று அவர் சொல்வார். குறுக்கே பேசாதீர்கள். பிளேயர் இல்லையென்றால் வீட்டுக்கு வாருங்கள், கடையில் இருந்த இரண்டில் ஒன்று இன்னும் ஓடுகிறது.