கட் ஆஃப் போதுமா? – பொறியியல் கலந்தாய்வு கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: ஊட்டியைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை)

கோத்தகிரி மாணவி: கணிதம் 92, இயற்பியல் 94, வேதியியல் 90. பி.சி. (பிற்படுத்தப்பட்ட வகுப்பு). அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்குமா மிஸ்?

கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடுவது: கணிதம் முழுசாக, மற்ற இரண்டும் பாதி. 92 + 47 + 45, ஆக 184. கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிறாய் என்றால் கிடைக்காதும்மா, பி.சி.யில் அது 199-ஐ ஒட்டித்தான் முடிகிறது. கிண்டி வளாகம்தான் வேண்டும் என்றால் மைனிங், பிரிண்டிங், தமிழ் வழி சிவில், தமிழ் வழி மெக்கானிக்கல் எல்லாம் வேறு கணக்கு. போன வருடம் அவை பி.சி. பிரிவில் எந்த ரேங்கில் முடிந்தன என்று பார். மார்க்கை வைத்துப் பார்க்காதே. வினாத்தாள் சுலபமாக இருந்த வருடம் 184-க்கு மேலே கூட்டம் நிற்கும். கடினமான வருடம் அதே 184 உன்னை எங்கேயோ கொண்டுபோய் விடும்.

பந்தலூர் தந்தை: மகன் 8-ம் வகுப்பு வரை கேரளாவில் சுல்தான் பத்தேரி அரசுப் பள்ளி, அதற்குப் பிறகு இங்கே அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டா?

இல்லை சார். 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியும் சேராது. எல்லையோரம் குடியிருப்பவர்கள் 5-ம் வகுப்பு முடியும்போதே இதை யோசிப்பது நல்லது. பொதுப் போட்டிக்குத் தடையில்லை. இருப்பிடச் சான்று கேட்பார்கள், இப்போதே வாங்கி வையுங்கள்.

ஊட்டி மாணவர்: 184.5, கிண்டி?

முதல் பதிலைப் படி தம்பி.

குன்னூர் மாணவர்: ஆன்லைன் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில், கிடைக்கிற கல்லூரியை முதலில் போடு, இல்லாவிட்டால் அதுவும் போய்விடும் என்கிறார் பிரவுசிங் சென்டர் அண்ணன்.

தப்பு. உன் ரேங்க் வரும்போது கணினி உன் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். ஆசைப்பட்டதை மேலே போட்டால் நஷ்டமே இல்லை. அப்புறம், உன் கலந்தாய்வுக் கணக்கின் பாஸ்வேர்டை அந்த அண்ணனிடம் கொடுக்காதே.

அருவங்காடு தந்தை: மன்னிக்கணும் டீச்சர். என் அக்கா பையன் பெரிய கல்லூரிகளை மேலே போட்டான், ஒன்றுமே கிடைக்கவில்லை.

மேலே போட்டதால் இல்லை சார். கீழே என்ன போட்டான்?

அருவங்காடு தந்தை: மொத்தமே பத்துப் பன்னிரண்டுதான். எல்லாம் பெரிய கல்லூரி.

அதான். பட்டியலின் அடியில் சுலபமாகக் கிடைக்கிற கல்லூரியே இல்லை. நூறு போட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லையே!

குன்னூர் மாணவர்: முதலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பிறகு மேலே நகர்கிற வசதி இருக்கிறதே மிஸ்?

இருக்கிறது. ஆனால் கிடைத்த இடத்துக்கு மேலே நீ எழுதியவற்றுக்கு மட்டும்தான் நகர முடியும். சுலபமானதை ஒன்றாவதாகப் போட்டுவிட்டு எங்கே நகர்வாய்?

அருவங்காடு தந்தை: சரி டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மஞ்சூர் மாணவி: 181, எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு), குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி கிடைக்குமா?

ரேங்க் வரட்டும். பாஸ்வேர்டு பத்திரம்.

குன்னூர் தாய்: நீட் 510...

நீட் எனக்குத் தெரியாதம்மா. ஊட்டி மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள்.

கூடலூர் மாணவர்: 176.5. கிண்டி...?

ரேங்க், தம்பி, ரேங்க்! ஒன்று மட்டும்: ஜூலை மழையில் உங்கள் பக்கம் கரண்டும் நெட்டும் போய்விடும். பட்டியலைக் கடைசி நாள் சாயங்காலம் வரை இழுக்காதே. முந்தின நாளே முடித்து லாக் பண்ணிவிடு, ஒரு பிரிண்ட் எடுத்து வை. ஓ.டி.பி. வருகிற போன் உன் கையில் இருக்கட்டும், சென்டர்காரர் கையில் வேண்டாம்.