அப்பாவின் படகைத் திருத்தியது நான். அது யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நான் யாழ்ப்பாணம், பாசையூர். அப்பா 2021இல் காலமானார். கலியாணத்துக்குப் பிறகு அவர் உழைத்து வாங்கிய 18 அடி பைபர் படகு இரண்டு வருடம் கரையில் கவிழ்ந்தபடி கிடந்தது. எஞ்சின் பூட்டும் பின்பலகை உக்கி, அடியிலும் வெடித்துவிட்டது. என் காசில் எல்லாவற்றையும் திருத்தி, பழைய 15 குதிரைவலு எஞ்சினைக் கழற்றிவிட்டு 25 குதிரைவலு எஞ்சின் வாங்கிப் பூட்டினேன். பதிவு இன்னும் அப்பாவின் பெயரில்தான். இப்போது வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், படகை விற்று மூன்றில் ஒரு பங்கு தரச் சொல்கிறார். அம்மாவும் அக்காவும் என்னோடுதான் நிற்கிறார்கள். இவ்வளவு செலவழித்த பிறகு படகு எனக்குத்தானே?

பதில்: தம்பி, முதலில் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லிவிடுகிறேன். செலவழித்ததால் மட்டும் படகு உங்களுடையது ஆகாது. நீங்கள் பூசிய ரெசினும் புதுப் பின்பலகையும் படகோடு ஒன்றாகிவிட்டன. படகு யாருடையதோ அவர்களுக்கே அவையும் சேரும். ஆனால் அண்ணன் கேட்கும் மூன்றில் ஒன்றும் சரியில்லை.

உங்கள் குடும்பத்துக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பொருந்தும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். திருமண வாழ்வின்போது விலை கொடுத்து வாங்கியது தேடியதேட்டம். காணிக்கு மட்டுமல்ல, படகு போன்ற அசையும் சொத்துக்கும் இது உண்டு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்வது இதுதான்: அப்பா மரண சாசனம் எழுதாமல் போயிருந்தால் பாதி அம்மாவுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. நீங்கள் மூன்று பேர் என்றால் ஆளுக்கு ஆறில் ஒன்று. இந்தக் கணக்கில் பலரும் அம்மாவை மறந்துபோகிறார்கள். எனக்கு அதில் எப்போதும் வருத்தம்தான்.

எஞ்சின் வேறு கதை. நாலு ஆணியைத் தளர்த்தினால் கழன்று வருகிற பொருள் படகின் பகுதியாகிவிடாது. உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு இருந்தால் 25 குதிரைவலு எஞ்சின் முழுக்க உங்களுடையது. கழற்றி வைத்த பழைய எஞ்சின் மட்டும் பங்குக்குள் வரும், அதை விற்றுவிடாதீர்கள்.

இனித் திருத்தச் செலவு. நம் நாட்டில் நிலவும் உரோமன் டச்சுச் சட்டம் செலவை மூன்றாகப் பிரிக்கிறது. பொருள் அழியாமல் காக்கச் செய்தது அவசியச் செலவு. அதை மற்றப் பங்காளிகளும் தங்கள் பங்குக்கேற்பத் தாங்க வேண்டும். வெடிப்பை அடைத்ததும் உக்கிய பலகையை மாற்றியதும் இதில் வரும். பெறுமதியைக் கூட்டியது பயனுள்ள செலவு. கூடிய பெறுமதிக்கு மேல் கேட்க முடியாது. அழகுக்காகச் செய்ததற்கு ஒன்றும் இல்லை. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: எஞ்சின் இல்லாமல் படகு இன்று 6 இலட்சம் போகும், அவசியச் செலவு 2 இலட்சத்து 40 ஆயிரம் என்றால், மீதி 3 இலட்சத்து 60 ஆயிரம். அண்ணனின் ஆறில் ஒன்று 60 ஆயிரம். ஆனால் படகை ஓட்டி நீங்கள் உழைத்ததில் தன் பங்கை அவர் கேட்கலாம். அதனால் எண்ணெய்ச் செலவு, ஆள்கூலி எல்லாவற்றையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.

பைபர் வேலை செய்தவர் பற்றுச்சீட்டு தந்தாரா? தராவிட்டால், செய்த வேலையையும் வாங்கிய தொகையையும் திகதியோடு எழுதி ஒப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். திருத்துவதற்கு முன் கைபேசியில் எடுத்த படம் இருந்தால் அதுவே பெரிய சாட்சி.

எனக்கு அண்ணனைவிடக் கூடுதல் கவலை பதிவைப் பற்றித்தான். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல்வளச் சட்டப்படி மீன்பிடிப் படகு பதியப்பட்டிருக்க வேண்டும். இறந்தவர் பெயரில், வேறு எஞ்சின் விவரத்தோடு படகைக் கடலில் ஓட்டுகிறீர்கள். கடற்படை மறித்துக் கேட்டால் என்ன காட்டுவீர்கள்? விபத்து நடந்து இழப்பீடு கேட்க வேண்டி வந்தால் அப்பா பெயரிலுள்ள பதிவு உங்களுக்கு உதவுமா? உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் போய் எஞ்சின் மாற்றத்தைச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மரணச் சான்றிதழும் உரித்தாளர்களின் சம்மதமும் கட்டாயம் கேட்பார்கள். அந்தப் பழைய படகு 25 குதிரைவலுவைத் தாங்குமா என்றும் அவரிடமே கேளுங்கள். ஆள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வழக்குக்கு அவசரப்பட வேண்டாம். பங்கீட்டுச் சட்டம் காணிக்குத்தான். படகுக்குத் தனி வழக்குப் போட வேண்டும், அந்தச் செலவே அண்ணனின் பங்கைத் தின்றுவிடும். பேசி முடியாவிட்டால், வழக்கில்லாமல் இரு தரப்பையும் இணக்கிவைக்கும் இணக்கசபைக்குப் போகலாம். அம்மாவுக்கு விருப்பமென்றால் தன் பாதியை உங்களுக்கு எழுதித் தரட்டும். யாரும் அவரை நெருக்கக் கூடாது. அக்காவின் பங்குக்கும் அண்ணனின் பங்குக்கும் விலை பேசிப் பணத்தை வங்கி மூலம் அனுப்புங்கள். அண்ணன் தன் சம்மதக் கடிதத்தில் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ ஒப்பமிட்டு, அத்தாட்சிப்படுத்தி அனுப்பினால் போதும். இதற்காக அவர் ஊருக்கு வரவேண்டியதில்லை.