டெர்வெண்ட் பள்ளத்தாக்கு: கையில் ஒரு நாள், எந்த மில்லைப் பார்ப்பது?

கேள்வி: ஜூலையில் மகனின் பட்டமளிப்பு விழாவுக்காக நாட்டிங்ஹாம் போகிறோம். ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. கோவையில் மில் வேலை பார்த்த என் மாமனார், இங்கிலாந்தின் டெர்வெண்ட் பள்ளத்தாக்கில் இருக்கும் பழைய பஞ்சாலைகளைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். அவருக்கு முட்டிவலி வேறு. கார் எடுக்கணுமா? எல்லா மில்லையும் பார்த்துவிடலாமா? - சிங்கப்பூர் ஈசூன் வாசகி

பதில்: காரும் வேண்டாம், எல்லா மில்லும் வேண்டாம். மாட்லாக் பாத்தில் தொடங்கி டெர்பி வரை ஆற்றோரமாக 24 கிலோமீட்டர் நீளும் பகுதி இது. 2001-ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வொன்றாக ஓடி ஓடிப் பார்த்தால் கால்வலிதான் மிச்சம். முக்கியமான பஞ்சாலை இருக்கும் குரோம்ஃபோர்டு ஊருக்கு முக்கால் நாள் ஒதுக்குங்கள், மீதியை டெர்பிக்குக் கொடுங்கள்.

நாட்டிங்ஹாமிலிருந்து டெர்பிக்கு ரயிலில் அரை மணி நேரம். அங்கிருந்து மாட்லாக் போகும் ரயில் ஆற்றை ஒட்டியே போகும். ஏறக்குறைய மணிக்கு ஒன்றுதான், அடிக்கடி வரும் நம் எம்ஆர்டி ரயில் நினைப்பில் கிளம்பாதீர்கள். குரோம்ஃபோர்டு நிலையத்தில் ஒரே பிளாட்பாரம் என்பதால் மேம்பாலம் ஏறி இறங்கும் வேலை இல்லை. மில்லுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை.

முடிதிருத்தும் தொழிலிலிருந்து வந்த ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-ல் அங்கே கட்டியதுதான் முதன்முதலில் வெற்றிகரமாக ஓடிய நீர்விசைப் பஞ்சாலை. நூல் நூற்கும் கதிர்கள் சுழல்வதைப் பார்க்கலாம் என்று போகாதீர்கள். பார்க்க வேண்டியது தண்ணீரையும் சுவரையும். ஆர்க்ரைட் பெரிய ஆற்றை விட்டுவிட்டு, ஓர் ஓடையையும், ஈயச் சுரங்கத்திலிருந்து வடிந்து வந்த நீரையும் பிடித்தார். பூமிக்குள்ளிருந்து வருவதால் சுரங்க நீர் வெதுவெதுப்பாக இருக்கும், குளிர்காலத்தில் உறையாது. 1840-களில் இன்னும் ஆழமாக வெட்டிய வேறொரு வடிகால் அந்த நீரை இழுத்துக்கொண்டது. ஆலையும் நொடித்துப்போனது. சாலைப் பக்கச் சுவரில் கீழ்த்தளத்துக்கு ஜன்னலே கிடையாது, கோட்டை மாதிரி நிற்கும். 1779-ல் லங்காஷயரில் கூட்டம் புகுந்து இயந்திரங்களை உடைத்த காலம் அது. அதே பள்ளத்தாக்கின் பெல்பர் ஊரில் சாலைக்கு மேலே மில்களை இணைக்கும் வளைவில் துப்பாக்கி நீட்டும் துளைகளே வைத்திருக்கிறார்கள். ரயில் பெல்பரில் நிற்கும். மாமனாருக்குத் தெம்பு இருந்தால் இறங்கிப் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

குரோம்ஃபோர்டு ஊருக்குள் நார்த் ஸ்ட்ரீட்டை மட்டும் விடாதீர்கள். 1776 வாக்கில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய மூன்று மாடி வரிசை வீடுகள். மேல்மாடியில் நீண்ட ஜன்னல் இருக்கும். அப்பா அங்கே தறி ஓட்டுவார், பெண்களும் பிள்ளைகளும் ஆலைக்குப் போவார்கள். அதனால்தான் பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பங்களைத் தேடி வேலைக்கு எடுத்தார் ஆர்க்ரைட். மரபுடைமை என்று மெச்சும்போது இதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

மாமனாரிடம் பேச ஒரு விஷயம். நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன அச்சுத் துணிகளுக்குப் பயந்து 1700-லும் 1721-லும் தடைச்சட்டம் போட்ட நாடு அது. ஆனால் இங்கிலாந்தில் நூற்ற பருத்தி நூல் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலுக்கு, தாங்கவில்லை. ஆளி (லினன்) நூலைப் பாவாகவும் பருத்தியை ஊடையாகவும் (குறுக்கு நூல்) வைத்துத்தான் நெய்தார்கள். ஆர்க்ரைட்டின் இயந்திரத்தில், ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழலும் உருளை ஜோடிகள் பஞ்சை இழுத்து மெலிய வைக்கும், பிறகு முறுக்கேறும். அந்த நூல் பாவுக்குத் தாங்கியது. பருத்தித் துணி மீதான அந்தத் தடைச்சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி நாடாளுமன்றத்தில் மனுப்போட்டு 1774-ல் சாதித்தும் காட்டினார். கோவை மில்களின் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்திலும் பஞ்சு உருளைகளுக்கு நடுவே இப்படித்தான் மெலிகிறது. அவர் உங்களைவிட நன்றாக விளக்குவார்.

மதியச் சாப்பாட்டுக்கு மில் முற்றத்தில் காபிக்கடை உண்டு. சைவம் என்றால் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது நிம்மதி. பக்கத்துக் கால்வாய்க் கரை சமதளம், முட்டி வலித்தால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

சாயங்காலம் டெர்பியில் பழைய பட்டாலை இருந்த இடத்து அருங்காட்சியகம், மியூசியம் ஆஃப் மேக்கிங். அனுமதி இலவசம். கூடத்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் டிரென்ட் 1000 விமான எஞ்சின் தொங்குகிறது. ஸ்கூட் நிறுவனத்தின் 787 விமானத்தில் பறப்பதும் அந்த ரகம்தான். நம் சிலேத்தார் ஆலையிலும் டிரென்ட் எஞ்சின்களைப் பூட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு மில்லைவிட இதுதான் பிடிக்கும்.

டிக்கெட் போடும் முன் ஒன்று: சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் புறப்படும் முன்பே இடிஏ என்ற மின்னியல் பயண அனுமதி வாங்க வேண்டும். மாமனார் இந்தியக் கடப்பிதழில் வருகிறார் என்றால் அது போதாது, விசா வேண்டும். ஜூலைப் பயணத்துக்கு ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.