ஓவியத்தோடு வரும் உரிமைப் பட்டியலை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: நியூயார்க்கில் ஒரு சிறிய கேலரியில் 1950-களைச் சேர்ந்த அமெரிக்க அரூப ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். வாங்க ஆசை. "ஓவியர்; தனியார் சேகரிப்பு, நியூயார்க்; வாரிசு வழியாக இப்போதைய உரிமையாளர்" என்று, ஓவியம் யார் யாரிடம் இருந்தது என்பதைக் காட்டும் ஒரு தாள் கொடுத்தார்கள். கண்காட்சி என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி இருக்கிறது. இதை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கண்காட்சி வரியைத் தவிர, வெளியாள் ஒருவர் சரிபார்க்கக்கூடிய தகவல் எதுவுமே அந்தத் தாளில் இல்லை.

நல்ல பட்டியல் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்க அரூப ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் 'ப்ளூ போல்ஸ்' ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 நவம்பரில் நியூயார்க்கின் சிட்னி ஜேனிஸ் கேலரியில் முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஃப்ரெட் ஓல்சன் 6,000 டாலருக்கு வாங்கினார். அவரிடமிருந்து பென் ஹெல்லர் 32,000 டாலருக்கு வாங்கினார். 1973-ல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்காக 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குக் கைமாறியது. பிரதமர் விட்லமே அதற்கு ஒப்புதல் கொடுத்தார். நாடே அதைப் பற்றி விவாதித்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, அந்தக் காலத்துக் காகிதம் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 1952-ல் அதன் பெயர் 'நம்பர் 11, 1952'. 'ப்ளூ போல்ஸ்' என்ற பெயர் 1954-ல்தான் வந்தது. அதனால் பழைய கேட்லாக்கில் தேடும்போது தலைப்பை மட்டும் நம்பாமல் ஆண்டையும் அளவையும் ஒப்பிட வேண்டும்.

இனி எதிர்ப்பக்கம். 1846-ல் தொடங்கிய நோட்லர், நியூயார்க்கின் மிகப் பழைய கேலரிகளில் ஒன்று. 1990-களிலிருந்து கிளாஃபிரா ரொசாலஸ் என்ற தரகர், பொல்லாக், ராத்கோ போன்றோர் வரைந்தவை என்று சொல்லி அங்கே ஓவியங்களைக் கொண்டுவந்தார். பெயர் சொல்ல விரும்பாத சேகரிப்பாளர், அவருடைய மகன் என்பதுதான் அவர் சொன்ன உரிமை வரலாறு. உங்கள் தாளில் இருப்பதும் ஏறக்குறைய இதேதான். உண்மையில் அவை நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த ஒரு சீன ஓவியர் வரைந்தவை. ஒரு 'பொல்லாக்' ஓவியத்தின் ஆங்கிலக் கையெழுத்தில் (Pollock) 'c' எழுத்தே விடுபட்டிருந்தது! நியூயார்க்கின் சர்வதேசக் கலை ஆய்வு அறக்கட்டளை 2003-லேயே இன்னொரு பொல்லாக்கை உண்மையானது என்று ஏற்க மறுத்தது. அதை வாங்கியவருக்கு 20 லட்சம் டாலர் திரும்பக் கிடைத்தது. ஆனால் விற்பனை நிற்கவில்லை. 2007-ல் 1.7 கோடி டாலருக்கு விற்ற ஒரு பொல்லாக்கில், 1956-ல் ஓவியர் இறந்த பிறகே சந்தைக்கு வந்த வண்ணப்பொருள் இருப்பதைப் பரிசோதனை காட்டியது. 2011-ல் கேலரி மூடப்பட்டது. 2013-ல் ரொசாலஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இத்தனை காலம் இது ஓடியதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? முதலில் ஓவியத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். கேலரி லேபிள், சரக்கு எண், கண்காட்சிக்கு இரவல் கொடுத்த முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும். அப்புறம் அந்த ஒரே கண்காட்சி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் உரிமை வரலாற்றைவிட இதுதான் பலமான சான்று, ஏனென்றால் விற்பனைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அன்றே அச்சிட்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1929 முதலான தன் கண்காட்சி ஆவணங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. பெட்டி பார்சன்ஸ், லியோ காஸ்டெல்லி போன்ற கேலரிகளின் பதிவேடுகள் ஸ்மித்சோனியனின் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஓவியம் முதலில் வெளியே வந்ததே அண்மைக் காலக் கண்காட்சியில்தான் என்றால், அதை 1950-களுக்கான சான்றாக எடுக்காதீர்கள்.

ஓவியரின் முழுப் படைப்புத் தொகுப்பு நூல் இருந்தால் அதையும் பாருங்கள். பொல்லாக்குக்கு 1978-ல் நான்கு தொகுதிகள் வந்தன. "நிபுணர் குழுவிடம் சான்றிதழ் வாங்கித் தருகிறோம்" என்று கேலரிக்காரர் சொன்னால், எந்தக் குழு என்று கேளுங்கள். பொல்லாக் ஓவியங்கள் உண்மையானவையா என்று முடிவு சொன்ன குழு 1990-களிலேயே கலைந்துவிட்டது, அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலுக்கான அத்தகைய குழுவும் மூடப்பட்டது. திருட்டு ஓவியமா என்பதை எஃப்.பி.ஐ.யின் திருட்டுக் கலைப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம்.

பட்டியலின் நிறுத்தற்குறிகளையும் கவனியுங்கள். அமெரிக்க அருங்காட்சியக மரபில் அரைப்புள்ளி என்றால் நேரடியாகக் கைமாறியது. முற்றுப்புள்ளி என்றால் நடுவில் இடைவெளி. உங்கள் தாளில் அரைப்புள்ளி போட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஓவியரே அந்தத் தனியாருக்குக் கொடுத்தார் என்பதற்குக் கடிதமோ ரசீதோ வேண்டும். பெயரை ரகசியமாகவாவது உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து வாங்குவதானால், ஓவியரின் பெயரையும் ஆண்டையும் உறுதிப்படுத்தி கேலரி எழுத்தில் தர வேண்டும். கலை வணிகர் இப்படிக் கொடுக்கும் சான்றை, வணிகர் அல்லாத வாங்குபவருக்கான உத்தரவாதமாகவே நியூயார்க் சட்டம் கருதுகிறது. வழக்குத் தொடுக்க, பொதுவாக ஓவியம் கைக்கு வந்த நாளிலிருந்து 4 ஆண்டுகள்தான் அவகாசம். ஆகவே வண்ணப்பொருள் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் வாங்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.